பழைய தட்டுக்கு எந்தப் பெட்டி?



1925 டிசம்பரில் கொழும்பு வானொலி தொடங்குமுன், பரீட்சார்த்தமாக எட்வர்ட் ஹார்ப்பர் ஒலிபரப்பியதே கிராமபோன் இசைதான். நாகூர் ஹனிபாவின் குரலும் இசைத்தட்டிலும் வானொலியிலும்தான் எங்கள் மலையகத்துக்கு ஏறி வந்தது.

பழைய பிளேயரைத் திருத்துவதா, புதிது வாங்குவதா என்று பிள்ளைகள் எங்களிடம் கேட்கிறார்கள். முதலில் தட்டைப் பாருங்கள். கனமாக, விழுந்தால் நொறுங்குவது அரக்குத் தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று. 1948இல் வந்த வினைல் நீள்தட்டு 33⅓ சுற்று.

சாவி கொடுக்கும் கிராமபோனின் இரும்பு ஊசி வினைலை உழுதுவிடும். புதிய பிளேயர்கள் பலவற்றில் 78 வேகமே இல்லை. 1950, 60களின் மின்சாரப் பிளேயர்கள் பலவற்றில் இரண்டுக்கும் தனித்தனி ஊசி உண்டு. றப்பர் சில்லும் ஊசியும் மாற்றக் கிடைத்தால் அதைத் திருத்துங்கள். வினைல் மட்டும் இருந்தால் புதியது போதும்.

தட்டை மட்டும் பழைய சாமானோடு போட்டுவிடாதீர்கள். பிரதி எடுக்காத பாட்டு தட்டோடு போய்விடும்.