ஆறு – மூன்று

பேஸ்பாலுக்கு இலக்கியப் பக்கத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் வினவக்கூடும். நாமும் கிரிக்கெட்டோடு வளர்ந்தவர்கள்தாம். இரவல் வாங்கிய ஒரு நூலின் வழியாகவே அவ்வாட்டத்திற்குள் நுழைந்தோம். அமெரிக்க வரலாற்றாசிரியர் டோரிஸ் கியர்ன்ஸ் குட்வின் 1997இல் வெளியிட்ட இளமைக்கால நினைவுநூல் அது. அதன் தலைப்பை ‘அடுத்த ஆண்டு வரட்டும்’ எனத் தமிழில் சொல்லலாம். புரூக்லின் டாட்ஜர்ஸ் அணியின் ரசிகர்கள் தோற்கும்போதெல்லாம் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட ஆறுதல் மொழி.

அவ்வாறுதல் ஏன் தேவைப்பட்டது என்பதற்குச் சற்றே வரலாறு வேண்டும். 1898இல் நியூயார்க்கோடு இணைக்கப்படும்வரை புரூக்லின் ஒரு தனி நகரம். நகரம் என்ற தகுதி போயிற்று, அணி எஞ்சியது. தெருவில் ஓடும் டிராம் வண்டிகளுக்கு விலகித் தப்பும் மக்களைக் கேலி செய்த சொல்லே ‘டாட்ஜர்ஸ்’ என அணிக்குப் பெயராயிற்று. ஆற்றுக்கு அப்பால் பிராங்க்ஸில், செல்வமும் வெற்றியும் ஒருங்கே வாய்த்த யாங்கீஸ் அணி. 1941, 1947, 1949, 1952, 1953 என ஐந்து முறை, ‘உலகத் தொடர்’ எனப்படும் பட்டப் போட்டியில் டாட்ஜர்ஸ் தோற்றது யாங்கீஸிடமே. ஆனால் கறுப்பின வீரர்களைப் பெருந்தொடர்களுக்கு வெளியே நிறுத்திவைத்த நெடுங்கால வழக்கத்தை, ஜாக்கி ராபின்சனைக் களமிறக்கி 1947இல் முறித்ததும் இதே அணிதான்.

டோரிஸுக்கு ஆறு வயதானபோது, 1949 கோடையில், தந்தை அவருக்கு ஒரு சிவப்பு ஸ்கோர் புத்தகம் வாங்கிக் கொடுத்தார். பேஸ்பாலில் களத்தின் ஒவ்வோர் இடத்திற்கும் ஓர் எண் உண்டு. பந்தை எறிபவர் 1, அதைப் பிடிப்பவர் 2, முதல் தளத்துக் காவலர் 3, இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்பவர் 6. அந்த ஆறாமவர் தரையில் உருண்டு வந்த பந்தை எடுத்து மூன்றாமவருக்கு எறிய, ஓடியவர் ஆட்டமிழந்தால் கட்டத்திற்குள் ‘6-3’ என எழுதினால் போதும். தந்தை வங்கித் தணிக்கையாளர். பிற்பகல் ஆட்டங்களைக் கேட்க வாய்ப்பற்றவர். மகள் வானொலியருகே அமர்ந்து அனைத்தையும் குறித்துவைப்பாள். மாலையில் அவர் திரும்பியதும் அக்கட்டங்களைப் பார்த்துப் பார்த்து ஆட்டம் முழுவதையும் சொல்வாள். தொடக்கத்தில் ‘ஜெயித்துவிட்டோம்’ என முடிவை முதலிலேயே உளறிவிடுவாளாம். சுவை கெடுகிறதே என்றுணர்ந்து, முதலிலிருந்து படிப்படியாகச் சொல்லப் பழகினாள். மறுநாள் நாளிதழில் ஆட்ட விவரம் முழுவதும் வந்துவிடும் என்பதைத் தந்தை அவளிடம் சொல்லவேயில்லை. தான் சொன்னாலன்றி அப்பாவுக்கு எதுவும் தெரியாது என்றே குழந்தை நம்பியிருந்தது. பின்னாளில் ரூஸ்வெல்ட்டையும் லிங்கனையும் எழுதிய கைக்கு இதைவிட நல்ல பயிற்சி எந்தப் பல்கலைக்கழகத்தில் கிடைத்திருக்கும்? மாணவர்களுக்கு உரைநடை கற்பிக்கும் நமக்குச் சற்றே பொறாமைதான்.

பக்தி முற்றிய பருவத்தில், எதிரணி வீரர்களின் கையும் காலும் முறிய வேண்டுமென விரும்பியதைத் தன் முதல் பாவசங்கீர்த்தனத்தில் அவள் அறிக்கையிட்டாள். கேட்டிருந்த பாதிரியாரும் டாட்ஜர்ஸ் ரசிகராகவே இருந்தது அவள் பேறு.

அந்த ‘அடுத்த ஆண்டு’ 1955 அக்டோபர் 4 அன்று வந்தது. தொடரின் ஏழாவது ஆட்டம். யாங்கீஸின் சொந்தக் களம். 23 வயது ஜானி போட்ரெஸ் எதிரணியை ஓர் ஓட்டமும் எடுக்கவிடவில்லை. 2-0. இறுதியாக உருண்டு வந்த பந்து பீ வீ ரீஸிடம் சென்றது. முன்னைய ஐந்து தோல்விகளிலும் களத்தில் இருந்த மனிதர் அவர். எடுத்தார், முதல் தளத்தில் நின்ற கில் ஹாட்ஜஸுக்கு எறிந்தார். ஸ்கோர் புத்தகத்தில் அது 6-3. அவ்வளவே.

இரண்டே ஆண்டுகள். உரிமையாளர் வால்டர் ஓமாலி புரூக்லினிலேயே புதிய அரங்கம் கட்ட இடம் கேட்டார். நகரின் கட்டுமானங்களையெல்லாம் தன் பிடியில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ், குவீன்ஸ் பகுதிக்குப் போகச் சொன்னார். இருவரில் யார் பெரிய குற்றவாளி என்ற வழக்கு வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் ஓயவில்லை. ரசிகர்கள் ஓமாலியை மட்டுமே சபித்தனர். நம் தராசு மோசஸின் பக்கம் சாய்கிறது. எனினும் லாபத்திலேயே ஓடிய ஓர் அணியைப் பெயர்த்துக்கொண்டு போனவரை முற்றாக விடுவிக்கவும் மனம் ஒப்பவில்லை. 1957 செப்டம்பர் 24 அன்று எபெட்ஸ் ஃபீல்ட் அரங்கில் நடந்த கடைசி ஆட்டத்தையும் டாட்ஜர்ஸ் வென்றது. வந்திருந்தோர் 6,702 பேர். அடுத்த பருவத்தில் அணி லாஸ் ஏஞ்சல்ஸில் ஆடியது. 1960 பிப்ரவரியில் அரங்கை இடித்த இரும்புக் குண்டுக்குப் பேஸ்பால் போல வண்ணம் தீட்டியிருந்தார்கள். அந்த ரசனையை என்னவென்பது!

அணி போன மறு ஆண்டில், டோரிஸின் பதினைந்தாம் வயதில், அன்னையும் மறைந்தார். ஆட்டத்தை அவர் சில காலம் மறந்தே இருந்தார். ஹார்வர்டில் பயில வந்தபின், பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் நுழைந்தபோது பழைய எபெட்ஸ் ஃபீல்ட் நினைவுக்கு வர, ரெட் சாக்ஸ் ரசிகரானார். ராபின்சனைக் கொண்டாடியவர், கறுப்பின வீரரைச் சேர்த்துக்கொள்வதில் கடைசியாக, 1959இல்தான் மனமிரங்கிய அணியைத் தேர்ந்தது நமக்குச் சற்று உறுத்தவே செய்கிறது. 1918இல் பட்டம் வென்றபின் வெறுங்கையோடு நின்ற அணி அது. தோற்கும் அணியை நேசிக்கும் பழக்கம் அவருக்கு விட்டுப்போகவில்லை போலும்.

ரெட் சாக்ஸ் மீண்டும் பட்டம் வென்றது 2004இல். 86 ஆண்டுகள் கழித்து. அதற்குள் அவர் தம் புதல்வர்களையும் அந்த அரங்கில் அருகே அமர்த்தி, தந்தை தமக்குக் கற்றுக்கொடுத்ததைப் போலவே ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்திருந்தார்.