கிறித்தவ மறைப்பாடமும் தேர்வு விடைகளும் – ஒரு வரலாற்றுப் பார்வை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மலையேற இரண்டு சாலைகள் உண்டு. அடிவாரம் வழியாக, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் செல்வது ஒன்று. அயோத்தியாப்பட்டணம் தாண்டி, குப்பனூர் வழியாகச் சுற்றிச் செல்வது மற்றொன்று. மழையில் முதல் சாலையில் மண் சரிந்துவிட்டால் குப்பனூர்ச் சாலைதான் கைகொடுக்கும். எந்தப் பக்கம் ஏறினாலும் மேலே போய்ச் சேருமிடம் பள்ளிகளுக்குப் பேர்போன ஊர். திரு இருதயப் பள்ளி 1894-லும் மாண்ட்போர்ட் பள்ளி 1917-லும் அங்கே தொடங்கப்பட்டவை.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்தவர்கள் யாருக்கும் ஒரு வழக்கம் நினைவிருக்கும். கால அட்டவணையில் ஒரு வகுப்பு வரும்போது மாணவர்கள் இரண்டாகப் பிரிவார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி. தேர்விலும் அப்படியே, ஒரே அறை, இரண்டு வினாத்தாள். பொய் சொல்லக்கூடாது என்பதை நன்னெறி மாணவன் ஒரு கதையைச் சொல்லி எழுதுவான். மறைக்கல்வி மாணவன் எட்டாம் கட்டளை என்று எழுதி மதிப்பெண் வாங்குவான்.

இந்த "எட்டாம்" என்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பத்துக் கட்டளைகளைக் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் ஒரு விதமாக எண்ணுகிறார்கள். ஆங்கிலிக்கன் மரபில் வந்தவர்கள் வேறு விதமாக எண்ணுகிறார்கள். பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது முன்னவர்களுக்கு எட்டாவது, பின்னவர்களுக்கு ஒன்பதாவது. வேதத்தில் வசனம் ஒன்றுதான். ஆனால் ஒரு சபையின் ஞாயிறு பள்ளித் தேர்வில் முழு மதிப்பெண் பெறும் பிள்ளை, அதே விடையை இன்னொரு சபையின் தேர்வில் எழுதினால் தவறாகிவிடும்! அறத்தைத் தேர்வாக்கும்போது வரும் சங்கடங்களில் இது மிகச் சிறியது.

கேள்வி கேட்டுப் பதில் சொல்ல வைக்கும் முறை தமிழில் அச்சுக்கலை தொடங்கிய நாட்களிலேயே வந்துவிட்டது. 1578-இல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" அச்சாயிற்று. அடுத்த ஆண்டு கொச்சியில் "கிரிசித்தியானி வணக்கம்" வெளிவந்தது. இரண்டும் அண்டிரிக் அடிகளாரின் முயற்சி. இரண்டாவது நூல் போர்த்துக்கீசிய மொழி நூலின் தமிழாக்கம். ஆசிரியரும் மாணவரும் உரையாடுவது போல அமைந்தது. முத்துக்குளித்துறைப் பரதவ மக்களுக்காகச் செய்யப்பட்டவை இவை. பின்னர் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். அதிலும் ஒவ்வொரு கட்டளைக்கும் பிறகு அதன் பொருள் என்ன என்ற கேள்வி வரும். அன்று விடை தெரிந்தவருக்குக் கிடைத்தது ஞானஸ்நானம் அல்லது நற்கருணை. மதிப்பெண்ணும் வேலையும் பிறகு வந்தவை.

அந்த மாற்றத்தை யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் தெளிவாகக் காணலாம். அமெரிக்க மிஷன் 1823-இல் அங்கே ஒரு செமினரியை நிறுவியது. முதல் அதிபர் டானியல் பூர். கணிதம், வானியல், தமிழிலக்கியம் ஆகியவற்றோடு வேதாகமமும் கிறித்தவ மத நிரூபணங்களும் கட்டாயம். சைவ வீட்டுப் பிள்ளைகள் அவற்றையும் நன்றாகவே படித்தார்கள். ஆங்கிலம் தெரிந்தால் அரசாங்க உத்தியோகம் என்ற நிலை; அதற்கு வழியில் நிற்கும் பாடம் எதுவானாலும் படித்துத்தானே ஆக வேண்டும்? வேதாகமக் கேள்விக்குச் சரியாக விடை சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டவர்கள் பலர். மிஷன் தலைமையிடத்திலிருந்து ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் வந்த குழு, செலவழித்த பணம் உத்தியோகஸ்தர்களை உண்டாக்கியதே தவிர போதகர்களைப் போதிய அளவு உண்டாக்கவில்லை என்று கருதியது. 1855-இல் செமினரி மூடப்பட்டது. மாணவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்வது நியாயமாகாது. தேர்வு அறிவைத்தான் கேட்டது, அவர்கள் அறிவைக் கொடுத்தார்கள்.

அங்கே படித்த சி.வை. தாமோதரம்பிள்ளையின் பெயரில் உள்ள "சி.வை." சிறுப்பிட்டி என்ற ஊரையும் வைரவநாதர் என்ற தந்தையின் பெயரையும் குறிக்கும். அவரும் விசுவநாதபிள்ளையும்தான் 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். பிற்காலத்தில் இருவரும் சைவத்துக்குத் திரும்பியதும், தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்ததும் அறிந்ததே.

சென்னையில் இதே பிரச்சினை தெருவுக்கு வந்தது. அரசு வேலைகளில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று ஹார்டிஞ்ச் பிரபு 1844-இல் அறிவித்திருந்தார். 1846-இல் சென்னை ஆளுநர் ட்வீடேல், அரசுப் பள்ளிகளில் வேதாகமத்தைப் பாடநூலாக்க வேண்டும் என்றார். இரண்டையும் சேர்த்துப் பார்த்த சென்னை இந்துக்களுக்கு அச்சம் பிறந்தது. நாளை வேலை வேண்டுமென்றால் வேதாகமத் தேர்வில் தேற வேண்டியிருக்குமோ? "கிரசென்ட்" பத்திரிகையை நடத்திய கஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்று பொதுக்கூட்டம் கூட்டினார். இங்கிலாந்துக்கு மனு போயிற்று. 1847-இல் கம்பெனியின் இயக்குநர்கள் ஆளுநரின் யோசனையை நிராகரித்தார்கள். 1854-ஆம் ஆண்டின் சார்லஸ் வுட் அறிக்கை இதற்கு ஒரு நடுவழி கண்டது. அரசுப் பள்ளி நூலகத்தில் வேதாகமம் இருக்கலாம், மாணவன் விரும்பினால் பள்ளி நேரத்துக்கு வெளியே ஆசிரியரிடம் கேட்கலாம், பாடமாக வைக்கக்கூடாது.

எதிர்ப்பு மனுவோடு நிற்காமல் வேறொரு வழியில் சென்றவர் ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவலின் மெதடிஸ்த பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, வேதாகமத் தமிழாக்கத்திலும் உதவியவர். கேள்வி பதில் முறையின் பலத்தை உள்ளிருந்தே பார்த்தவர். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர் எழுதிய "சைவ வினாவிடை" அதே அச்சில் வார்த்த நூல்தான், உள்ளடக்கம் மட்டும் சைவம்.

இன்று கடலின் இரு கரையிலும் நிலைமை வேறு. இலங்கையில் க.பொ.த. சாதாரண தரத் தேர்வில் சமயம் ஒரு பாடம். சைவநெறி, கத்தோலிக்கம், கிறித்தவம் எனத் தனித்தனியே வினாத்தாள் உண்டு, தமிழிலேயே எழுதலாம். இந்தியாவில் 1950-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு, முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் சமயபோதனை கூடாது என்கிறது. உதவிபெறும் பள்ளிகளிலும் மாணவன் அல்லது பெற்றோரின் சம்மதமின்றிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே கிறித்தவ அறவியலைத் தமிழில் முழுப்பாடமாக எழுத விரும்புகிறவர் மதுரை அரசரடியில் 1969-இல் அமைந்த தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே கேட்பவை கட்டளையின் எண்ணைப் பற்றிய கேள்விகள் அல்ல. சாதி, வறுமை, போர் ஆகியவற்றின்முன் அந்தக் கட்டளை என்ன சொல்கிறது என்ற கேள்விகள். இவற்றுக்கு மனப்பாடம் உதவாது. ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கோ சேலம் மறைமாவட்டத்தின் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு இருக்கிறது. அதில் தவறிய மாணவன் மேல்வகுப்புக்குப் போவதை எந்தச் சட்டமும் தடுப்பதில்லை.