ஆறு இன்னிங்ஸ், ஒரே ரன்

லோயர் கேம்ப்ல எங்க டீமுக்குப் புதுசா வர்ற பையன் ரெண்டு மேட்ச்ல டக் அவுட் ஆனா, மூணாவது மேட்ச்ல வெளிய. இலங்கையும் அதோட விட்டிருந்தா, மார்வன் அட்டப்பட்டுன்னு ஒரு பேரே நமக்குத் தெரிஞ்சிருக்காது.

1990-ல் சண்டிகரில் இந்தியாவுக்கு எதிரா முதல் டெஸ்ட்: 0, 0. 1992-ல் 0, 1. 1994-ல் மறுபடியும் 0, 0. ஒவ்வொரு தடவையும் டீமை விட்டுத் தூக்கிட்டாங்க.

ஆனா அவர் உள்ளூர் ஆட்டங்கள்ல ரன் குவிச்சார். 1997-ல் திரும்பக் கூப்பிட்டாங்க. கடைசியில 90 டெஸ்ட், 16 சதம். அதுல ஆறு இரட்டைச் சதம். கேப்டனாவும் இருந்தார்.

முட்டை போடுற எல்லாரும் அட்டப்பட்டு இல்லதான். அதனாலதான் சொல்றேன்: ஸ்கோரை மட்டும் பாக்காதீங்க. வெளிய உக்கார வெச்சப்புறம் அந்தப் பையன் பயிற்சிக்கு வர்றானா, கிடைக்கிற சின்ன மேட்ச்ல அடிக்கிறானா, அதைப் பாருங்க.