ஜெர்மனியில் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு

வால்டோர்ஃப் என்றதும் இன்று நினைவுக்கு வருவது மென்பொருள். எஸ்ஏபி நிறுவனம் 1977-இல் இங்கே குடியேறியது. அதற்கு முன் இந்த வட்டாரத்துக்கு வேறு முகம் இருந்தது: புகையிலை. நம்மூர் திண்டுக்கல் போல, ஹைடல்பெர்க்கையும் மன்ஹைமையும் சுற்றிய கிராமங்களில் சுருட்டுத் தொழில் பரவியிருந்தது. பணியிட ஆய்வின் கதையை இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் அதுதான்.

தொழிலாளர் பாதுகாப்புக்குப் பிரஷ்யா போட்ட முதல் சட்டம் 1839-ஆம் ஆண்டினது. ஒன்பது வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை ஆலைகளில் சேர்க்கக் கூடாது என்றது. சட்டம் இருந்தது, போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை. இங்கிலாந்து 1833-லேயே நான்கு ஆய்வாளர்களை நியமித்திருந்தது. பிரஷ்யா 1853-இல், அதுவும் சில மாவட்டங்களில் மட்டும் நியமித்தது. ஜெர்மனி முழுவதற்கும் ஆய்வு கட்டாயமானது 1878-இல். அடுத்த ஆண்டு பாடன் அரசு தன் தொழிற்சாலை ஆய்வாளராக ஃப்ரீட்ரிஷ் வொரிஸ்ஹோஃபர் என்பவரை நியமித்தது.

இவர் இயந்திரத்தின் பல்சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகவில்லை. பாடன் சுருட்டுத் தொழிலாளர்களின் சமூக நிலையைப் பற்றி 1890-இல் ஒரு நூலே வெளியிட்டார். ஆலைக்கு வெளியே அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதும் ஆய்வாளரின் வேலைக்குள் வந்தது. 1900-இல் கார்ல்ஸ்ரூவில் எல்சே ஃபொன் ரிஷ்ட்ஹோஃபன் என்ற பெண் ஆய்வாளராகச் சேர்ந்தார். மாக்ஸ் வேபரிடம் படித்தவர். எழுத்தாளர் டி.எச். லாரன்சின் மனைவி ஃப்ரீடாவின் அக்கா என்றால் இலக்கிய வாசகர்களுக்குச் சட்டென்று புரியும். பெண் தொழிலாளர்கள் ஆண் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்வதில்லை. இந்த எளிய உண்மையை ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்ட தருணம் அது. 1902-இல் திருமணத்தை ஒட்டி அவர் வேலையை விட்டுவிட்டார்.

இன்றைய ஜெர்மனியில் ஆய்வுக்கு வருகிறவர்கள் இரு தரப்பினர். ஒன்று அரசு. பாடன்-வூர்ட்டெம்பெர்கில் 2005-ஆம் ஆண்டின் நிர்வாகச் சீர்திருத்தத்துக்குப் பின் இந்தப் பொறுப்பில் பெரும்பகுதி மாவட்ட அலுவலகங்களிடம் போய்விட்டது. மற்றொன்று பெரூஃப்ஸ்கெனோசென்ஷாஃப்ட் என்ற வாயில் நுழையாத பெயர் கொண்ட விபத்துக் காப்பீட்டுச் சங்கம். 1884-இல் பிஸ்மார்க் காலத்துச் சட்டத்தில் பிறந்தது. சந்தா முழுவதும் முதலாளி தரப்பே கட்ட வேண்டும். விபத்து நடந்தால் செலவு தன் தலையில் என்பதால், விபத்தைத் தடுப்பதில் சங்கத்துக்கு அக்கறை அதிகம். அதன் ஆய்வாளருக்கும் உத்தரவிடும் அதிகாரம் உண்டு.

ஆனால் வெளியார் வருவது எப்போதோ. அன்றாடக் கவனிப்பு நிறுவனத்துக்குள்ளேயே நடக்கவேண்டும் என்று 1973, 1996 ஆண்டுகளின் சட்டங்கள் சொல்கின்றன. பாதுகாப்பு வல்லுநர், நிறுவன மருத்துவர், தொழிலாளர் குழுவின் பிரதிநிதி ஆகியோர் சேர்ந்து மாடி மாடியாக நடப்பார்கள். 'கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன ஆபத்து?' என்று நானும் கேட்டிருக்கிறேன். மேசையில் 500 லக்ஸ் வெளிச்சம், அறையில் குறைந்தது 20 டிகிரி வெப்பம், 30 டிகிரியைத் தாண்டினால் கட்டாய நடவடிக்கை என்று பட்டியல் நீள்கிறது. 2013 முதல் மன அழுத்தத்தையும் மதிப்பிட வேண்டும் என்று சட்டமே வெளிப்படையாகச் சொல்கிறது. வெளிச்சத்தை அளக்கக் கருவி இருக்கிறது. இதற்கு ஆட்களிடம் பேசித்தான் ஆகவேண்டும். வொரிஸ்ஹோஃபர் வழிக்கே திரும்பி வந்திருக்கிறோம்.

எல்லாம் ஒழுங்கு என்று எண்ணிவிட வேண்டாம். 2020-இல் ரேடா-வீடன்ப்ரூக் இறைச்சி ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்றியது. பலர் துணை ஒப்பந்தக்காரர்கள் மூலம் வந்த கிழக்கு ஐரோப்பியர். ஆய்வாளர் பற்றாக்குறை அப்போது ஊரறிந்த செய்தியானது. ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்குக் குறைந்தது 5 சதவீத நிறுவனங்களைப் பார்வையிட வேண்டும் என்று அதன் பிறகுதான் சட்டம் வந்தது. அதை எட்டுவதற்கு வைத்த கெடு 2026. இருபது நிறுவனங்களில் ஒன்று! மீதிப் பத்தொன்பது?

ஆய்வு நடந்தால் மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் வெடித்த பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விதிமீறல்களுக்காக உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஆலை அது. குறை காகிதத்தில் ஏறியிருந்தது, ஆட்கள் வேலைக்கு வந்திருந்தார்கள். வராமல் இருந்தால் கூலி கிடையாது. உடனடி ஆபத்து இருந்தால் இடத்தை விட்டு வெளியேறலாம், அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று ஜெர்மன் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. நாள்கூலிக்காரருக்கு அந்தப் பிரிவு எந்த மொழியில் இருந்தாலும் பயன்படுவது கடினம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த இந்தியாவின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் ஆய்வாளரின் பதவிப் பெயரே 'ஆய்வாளரும் உதவுநரும்' என்று மாறியிருக்கிறது. இரண்டில் எது கூடும் எது குறையும் என்று பார்க்கவேண்டும்.

இங்கே ஆய்வு முடிந்ததும் ஓர் அட்டவணை வரும்: குறை என்ன, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், தானே மூடிக்கொள்ள வேண்டிய தீத்தடுப்புக் கதவை ஒரு மரத்துண்டு வைத்துத் திறந்தே வைத்திருந்தார்கள், காபி எடுக்கப் போக வசதியாக. அட்டவணையில் ஏறியது, அந்த வாரமே துண்டு காணாமல் போனது. அடுத்த ஆய்வில் அதே துண்டு இரண்டு மாடி மேலே இருந்தது.