விழக் கற்பித்த ஆசான்

தற்காப்புக் கலை என்றால் பிறரை அடித்து வீழ்த்தும் வித்தை என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். "படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?" என்பது நம் காலனித் தாய்மார்களின் கேள்வி. அதற்குரிய விடை ஜப்பானிய அறிஞர் ஜிகோரோ கானோவின் வரலாற்றில் உள்ளது. அவரும் படிக்கிற பிள்ளையாய் இருந்தவர்தாம்.

1860-இல் பிறந்த கானோ, மெலிந்த உடலினர். பள்ளியில் வலிய மாணவர்களால் துன்புற்றமையால், 1877-இல் ஜுஜுத்ஸு என்னும் பழைய போர்க்கலையைப் பயிலத் தொடங்கினார். அக்கலைக்கு அது தாழ்வுற்ற காலம். 1868-இல் மெய்ஜி ஆட்சி ஏற்பட்டபின் சாமுராய் போர்க்குடியினர் சிறப்பிழந்தனர். 1876-இல் வாள் தரிப்பதும் தடைசெய்யப்பட்டது. சோறு போடாத வித்தையைக் கற்பார் யார்?

பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற கானோ அதனைக் கல்வியாக்க முனைந்தார். 1882-இல் டோக்கியோவில் ஒரு பௌத்தக் கோயிலில், பன்னிரண்டு பாய்கள் விரித்த இடத்தில், ஒன்பது மாணாக்கருடன் கோடோகான் பயிற்சிக்கூடத்தை நிறுவினார். வித்தை என்று பொருள்படும் சொல்லை நீக்கி, நெறி என்று பொருள்படுமாறு ஜூடோ எனப் பெயரிட்டார்.

இதில் முதற்பாடம் எதிரியை வீழ்த்துவதன்று. தான் ஊறுபடாமல் விழுவதே. மோவாயை மார்போடு ஒட்டி, தலை தரையில் மோதாமல், கையால் பாயை ஓங்கி அறைந்து விழும் வேகத்தைச் சிதறச் செய்தல் வேண்டும். நூறு முறை விழுந்தெழுந்த சிறுவனுக்கு விழுவதில் அச்சமும் இராது, நாணமும் இராது. தேர்வில் தோற்ற பிள்ளைகள் வீட்டைவிட்டு ஓடும் செய்திகளைப் படிக்கும் நாம் இதனைச் சிறு பயன் என்று தள்ளலாமோ? பயிற்சியில் வீழ்த்துபவனும் தோழனின் சட்டைக்கையை விடாது பற்றித் தாங்குகிறான். வணங்கித் தொடங்கி வணங்கியே முடிக்கின்றனர். தாமும் பிறரும் ஒருங்கே நலமுறுதல் கானோ வகுத்த கொள்கைகளுள் ஒன்று. அவர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரித் தலைவராகவும் நெடுங்காலம் பணியாற்றியவர்.

இக்கலை நம் நாட்டிற்கும் வந்தது. 1929-இல் தாகூர், தகாகாகி என்னும் ஜூடோ ஆசிரியரைச் சாந்திநிகேதனத்திற்கு வரவழைத்தார். கவிதையும் இசையும் வளர்ந்த இடத்தில் மற்பிடியா என்று வியக்கலாம். அதனினும் வியப்பு, அங்கே மாணவியரும் பயின்றமை. கோடோகானிலேயே மகளிர் பிரிவு 1926-இல்தான் ஏற்பட்டது. ஒலிம்பிக்கில் ஆடவர் ஜூடோ 1964-இல் இடம்பெற, மகளிர்க்குப் பதக்கம் 1992 வரை காத்திருந்தது. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் மணிப்பூரின் சுசீலா தேவி வெள்ளி வென்றார்.

நம் சங்கக் கூடத்தில் ஜூடோவோ சிலம்பமோ கற்பிக்க ஆசிரியர் கிடைப்பாராயின், பெண்மக்களையும் முதல் நாளே சேர்த்துக்கொள்ளுமாறு செயற்குழுவினரை வேண்டுகிறேன்.