சரிவுப் பாறையில ஒரு விளக்கு

சாய்ஞ்ச பலகை மேல ஒரு டம்ளரை வெச்சு லேசா தட்டினா என்ன ஆகும்? நழுவும். அந்த டம்ளர்தான் கட்டடம், தட்டுறது கடல் அலைன்னு நினைச்சுக்கோங்க. அதுதான் எடிஸ்டோன் கதை.

இங்கிலாந்தின் பிளிமத் நகரத்திலிருந்து சுமார் 22 கிலோமீட்டர் தூரத்தில், நடுக்கடலில் இருக்கும் பாறைக்கூட்டம் எடிஸ்டோன். ஏகப்பட்ட கப்பல்களை உடைச்ச இடம். அங்கே கலங்கரை விளக்கம் கட்டணும்னா முதல் சிக்கலே பாறைதான். அதோட மேற்பரப்பு ஒரு பக்கமா சரிஞ்சிருந்தது.

1696இல் ஹென்றி வின்ஸ்டன்லி வேலையை ஆரம்பிச்சார். பாறையில 12 துளை போட்டு இரும்புக் கம்பிகளை இறுக்கவே முதல் கோடை முழுக்கப் போயிடுச்சு. 1698இல் விளக்கு எரிஞ்சது. 1703 நவம்பரில் வந்த பெரும்புயல் கட்டடத்தை அடிச்சுட்டுப் போச்சு. பழுதுபார்க்கப் போயிருந்த வின்ஸ்டன்லியும் அதோட போயிட்டார்.

அடுத்து வந்தவர் ஜான் ரட்யர்ட், ஒரு பட்டு வியாபாரி! சரிவைப் படிப்படியா வெட்டினார். சரிவுல எடை கீழ்ப்பக்கமா இழுக்கும். சமமான படியில நேரா கீழே அழுத்தும். அப்புறம் வாய் குறுகி அடி அகன்ற துளைகள் போட்டு, உருக்கின கொழுப்பை ஊற்றி, இரும்பை இறக்கி, மேல பியூட்டர் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றினார். கனமான உலோகம் கொழுப்பை வெளியே தள்ளும். ஒட்டிக்கிட்ட மெல்லிய படலம் உப்புத் தண்ணியைத் தடுக்கும். அந்தக் கோபுரத்தைக் கடல் சாய்க்கல. மரக்கட்டடம் என்பதால் 1755இல் தீதான் அழிச்சது.

பிறகு ஜான் ஸ்மீட்டன். இவர் பாறையையே கட்டடத்தோட ஒரு பாகமாக்கினார். படிகளில் புறா வால் மாதிரி விரியும் குழிகளை வெட்டி, அதுக்குள்ள கருங்கற்களைப் பூட்டினார். தண்ணிக்குள்ளயும் இறுகும் சுண்ணாம்புச் சாந்துக்காகத் தனியா சோதனைகளே செஞ்சார். 1759இல், 24 மெழுகுவர்த்திகளோட விளக்கு எரிஞ்சது.

நூறு வருஷத்துக்கு மேல நின்னது. ஆனா 1870களில் பெரிய அலை அடிச்சா கோபுரம் அதிர ஆரம்பிச்சது. கோபுரத்துல குறை இல்ல. அதுக்கு அடியில இருந்த பாறையைக் கடல் அரிச்சிருந்தது! பக்கத்துப் பாறையில 1882இல் புது விளக்கம் வந்தது. ஸ்மீட்டன் கோபுரத்தோட மேல்பாகத்தைப் பிரிச்சு பிளிமத் கரையில திரும்பக் கட்டினாங்க. அடிப்பாகம் இன்னைக்கும் கடலிலேயே நிக்குது.

இப்பவும் சரிவுப் பாறையில கட்டுறவங்க படி வெட்டுறாங்க, துளை போட்டுக் கம்பி இறக்குறாங்க. பியூட்டருக்குப் பதிலா சிமென்ட் கலவை. ஆனா அதுக்கு முன்னாடி பாறையைத் துளைச்சு, உள்ளே எப்படி இருக்குன்னு பாக்குறாங்க. ஏன்னா, நங்கூரம் எவ்வளவு கெட்டியா இருந்தாலும், அது பிடிச்சிருக்குற பாறையும் கெட்டியா இருக்கணுமே!