நைல் நதியின் நீரளவும் ஆட்சியுரிமையும்

நதியொன்றின் நீர்மட்டத்தை அளத்தல் பொறியியலாளரின் அன்றாடப் பணிகளுள் ஒன்றாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின், நைல் நதியின் வரலாற்றை நோக்குமிடத்து, அந்த அளவீடு அரசிறையோடும் தானிய விலையோடும் நாடுகளின் உரிமைகளோடும் பிணைந்து வந்துள்ளமை புலனாகும். நீர் எவ்வளவு என்ற வினாவுக்கு இணையாக, அதனை அளப்பவர் யார், அறிபவர் யார் என்ற வினாக்களும் அங்கு முக்கியத்துவம் பெற்றிருந்தன.

எகிப்து மழை அரிதான நாடு. எதியோப்பிய மேட்டுநிலத்திற் கோடைகாலத்திற் பெய்யும் மழையே நீல நைல், அத்பரா ஆகிய ஆறுகள் வழியாக அந்நாட்டை வந்தடைந்து ஆண்டுதோறும் வெள்ளமாகப் பெருகியது. வெள்ளம் குறையின் வயல்கள் நனையா. மிகின் அணைகள் உடைந்து ஊர்கள் அழியும். எனவே வெள்ளத்தின் உயரத்தைக் குறித்துவைக்கும் வழக்கம் மிகப் பழங்காலத்திலேயே தோன்றிற்று. பழைய அரசர்களின் ஆண்டுநிகழ்ச்சிகளைக் கூறும் பலேர்மோக் கல்வெட்டில், அவ்வவ்வாண்டின் வெள்ள உயரம் முழக் கணக்கிற் பொறிக்கப்பட்டுள்ளது. அசுவானுக்கு அருகிலுள்ள எலிபன்டைன் தீவில், ஆற்றுக்குள் இறங்கும் படிக்கட்டின் சுவரிலே அளவுகள் செதுக்கப்பட்டிருந்தன. உரோம அறிஞரான பிளினி, 12 முழ உயர்வு பஞ்சத்தையும் 16 முழ உயர்வு பெருமகிழ்ச்சியையும் தருமெனக் கணக்கிட்டுள்ளார்.

இத்தகைய அளவிகளுள் மிகப் புகழ்பெற்றது கெய்ரோவின் ரோடாத் தீவில் உள்ளதாகும். அப்பாசியக் கலீபா அல்-முத்தவக்கிலின் காலத்தில், 861ஆம் ஆண்டில் இது கட்டப்பட்டது. ஆற்றோடு சுரங்க வழிகளால் இணைக்கப்பட்ட ஆழமான கிணற்றின் நடுவே, முழங்கள் குறிக்கப்பட்ட எண்கோணச் சலவைக்கல் தூண் நிற்கின்றது. நீர் 16 முழத்தை எட்டினாலே முழு நிலவரியையும் அறவிடலாம் என்பது நெடுங்காலம் நிலவிய விதி. ஆகவே அத்தூணின் அளவு உழவனின் விளைச்சலை மட்டுமன்றி அரசின் வருவாயையும் முன்கூட்டியே அறிவித்தது.

அவ்வறிவிப்பே ஆபத்தாகவும் மாறிற்று. நீர்மட்டம் மந்தமாக உயர்கின்றது எனக் கேட்ட மாத்திரத்தே வணிகர் தானியத்தைப் பதுக்கினர், விலை ஏறிற்று. 973ஆம் ஆண்டில் பாத்திமியக் கலீபா அல்-முஇஸ், 16 முழம் நிறைவுறும்வரை நாளாந்த உயர்வை மக்களுக்கு அறிவித்தலாகாது எனத் தடைவிதித்ததாக வரலாற்றாசிரியர் மக்ரீசி கூறுவர். பஞ்சத்தை விளைவிக்க நீர்க்குறைவு மட்டுமன்றி அதுபற்றிய அச்சமும் போதும் என்பதை அவ்வாட்சியாளர் உணர்ந்திருந்தனர் எனலாம்.

ரோடா அளவுகளிற் குறைகளும் உள. வண்டல் படிந்து ஆற்றின் படுகை நூற்றாண்டுதோறும் உயர்ந்தமையால், பழைய 16 முழமும் பிந்திய 16 முழமும் ஒரே நீரளவைக் குறிப்பனவல்ல. எனினும், ரோடா அளவி கட்டப்படுவதற்கு முன்னரே, 622ஆம் ஆண்டிலிருந்து தொடங்கும் அப்பதிவுகளின் தொடருக்கு நிகரானவை உலகில் மிகச் சிலவே. அதன் பெறுமதியை உணர்த்தியவர் 1906இல் எகிப்துக்கு வந்த பிரித்தானிய நீரியலாளர் ஹரல்ட் எட்வின் ஹேர்ஸ்ற் ஆவார்.

பஞ்ச ஆண்டுகளைத் தாங்கத்தக்க நீர்த்தேக்கம் எவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும் என்பதே ஹேர்ஸ்றின் முன்னிருந்த வினா. ஓராண்டின் நீர்வரவு மற்றோராண்டின் வரவோடு தொடர்பற்றது, நாணயத்தைச் சுண்டுவது போன்றது எனக் கொள்ளின் விடை எளிது. ஆயின் ரோடாப் பதிவுகளை ஆராய்ந்த அவர், வளமான ஆண்டுகள் வளமான ஆண்டுகளோடும் வரண்ட ஆண்டுகள் வரண்ட ஆண்டுகளோடும் கூட்டமாக வருவதைக் கண்டார். 1951இல் அம்முடிவை வெளியிட்டார். அதாவது, எதிர்பார்த்ததைவிடப் பாரிய சேமிப்புத் தேவைப்பட்டது. பின்னர் கணிதவியலாளர் மண்டல்புரோ இத்தன்மைக்கு, ஏழு செழிப்பாண்டுகளையும் ஏழு பஞ்ச ஆண்டுகளையும் முன்னறிந்த விவிலியத்து யோசேப்பின் பெயரைச் சூட்டினார்.

அசுவானிற் பெறப்பட்ட நவீன அளவுகளும் இதனையே காட்டுகின்றன. 1871 முதல் 1898 வரை ஆண்டுச் சராசரிப் பாய்ச்சல் ஏறத்தாழ 11,000 கோடி கன மீற்றர். 1899 முதல் 1970 வரை அது ஏறத்தாழ 8,500 கோடி. எனவே சராசரி என்பது, எந்த ஆண்டுகளைத் தெரிந்தெடுக்கின்றோம் என்பதைப் பொறுத்ததாகும்.

இவ்வுண்மை அரசியலில் முக்கியமானது. 1929இல் பிரித்தானியாவும் எகிப்தும் செய்துகொண்ட உடன்பாடு, சூடானில் நீர்ப்பாய்ச்சலை அளந்து பதிவுசெய்வதற்கான வசதிகளையும் எகிப்துக்கு உறுதிசெய்தது. மேற்புறத்து நீரை அளப்பதும் ஓர் உரிமையாகவே கொள்ளப்பட்டது. 1959இல் எகிப்தும் சூடானும் அந்நூற்றாண்டின் முற்பாதிச் சராசரியான 8,400 கோடி கன மீற்றரை அடிப்படையாகக் கொண்டு, எகிப்துக்கு 5,550 கோடி, சூடானுக்கு 1,850 கோடி எனப் பங்கிட்டன. எஞ்சிய 1,000 கோடி ஆவியாதலுக்கும் பிற இழப்புகளுக்கும் ஒதுக்கப்பட்டது. அசுவானை அடையும் நீரில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட பங்கை அளிக்கும் எதியோப்பியா அவ்வுடன்பாட்டில் இடம்பெறவில்லை. 1980களின் வரட்சி, அச்சராசரி ஆண்டுதோறும் வந்துசேரும் வாக்குறுதியன்று என்பதை மெய்ப்பித்தது.

நீல நைலின் குறுக்கே எதியோப்பியா கட்டிய பேரணை 2020இல் நீரைத் தேக்கத் தொடங்கி, 2025 செப்டெம்பரிற் திறந்துவைக்கப்பட்டது. வரட்சிக் காலத்தில் எவ்வளவு நீரை விடுவிப்பது, நாளாந்த அளவுகளை எவ்வாறு பரிமாறுவது என்பனவே அதுபற்றிய பேச்சுவார்த்தைகளில் தீராத வினாக்களாயின. முன்னர் கெய்ரோவின் கலீபா தம் குடிகளிடமிருந்து மறைத்த அளவை, இப்பொழுது அரசுகள் ஒன்றிடமிருந்து மற்றொன்று கேட்டுநிற்கின்றன. பொதுவான அளவு இல்லாதவிடத்துப் பொதுவான பங்கீடும் நிலைபெறாது என்பதே நைலின் நீண்ட பதிவுகள் தரும் படிப்பினையாகும்.